இரண்டாம் பருவத்துப் பாடச்சுமை

கல்லூரியிற் புதிதாய்ப் புகுந்த மாணாக்கர்க்கு முதற்பருவம் திகைப்பிலேயே கழிந்துவிடுகின்றது. நூல்நிலையம் எத்திசையில் உள்ளது, கட்டணம் செலுத்தும் சாளரம் யாது, அறிவிப்புப் பலகையில் நாடோறும் ‘டே ஆர்டர்’ என எழுதுவது எதன்பொருட்டு என்பனவற்றை அறிந்து முடிப்பதற்குள் நவம்பர்த் திங்கட் பரீட்சை வந்துவிடுகின்றது. டிசம்பரில் இரண்டாம் பருவம் பிறக்கும்போதோ அவர் புதியவர் அல்லர். நண்பர் பலர் வாய்த்துவிட்டனர். ஆசிரியர் சிலர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். நெஞ்சில் ஒரு துணிவு பிறக்கின்றது. அத்துணிவினால் கண்ணிற் பட்ட சான்றிதழ்ப் படிப்பிற்கெல்லாம் பெயர் கொடுக்கின்றார். அழைத்த கழகத்திலெல்லாம் சேருகின்றார். ஏப்ரலில் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மின்விசிறியை நோக்குகின்றார். இதனை யாம் பிறரைக் கண்டு எழுதினோம் அல்லோம். சென்ற ஆண்டு அம்மின்விசிறியை நோக்கியவர் யாமே. பின்வரும் நண்பர்க்கு அஃது உதவக்கூடுமாயின், எம் நாணத்தைச் சிறிது ஒதுக்கிவைத்து எழுதுவதில் இழுக்கில்லை.

“நம் கல்லூரிகளிற் பாடங்களை வகுப்போர் பாடத்திட்டக் குழுவினர், வகுத்ததைப் பயில்வோர் மாணாக்கர், இதில் சுமையைத் திட்டமிடுதற்கு இடம் யாது?” என்று வினவுவாரும் உளர். வினா நேரியதே. அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் முதலாண்டு மாணாக்கரே தம் பாடங்களைத் தெரிந்து பதிவு செய்துகொள்கின்றனர். ஆங்குப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் வேண்டும். நான்காண்டிற்குப் பருவம் எட்டாதலின் பருவத்திற்கு 15 எனக் கணக்காகின்றது. எனினும் முழுநேர மாணாக்கர் எனப்படுதற்கு 12 போதும். ஆகவே, நான்கு பாடமா ஐந்து பாடமா என்னும் கேள்வி ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவர் முன் நிற்கின்றது. தமிழ்நாட்டுக் கலை அறிவியற் கல்லூரிகளில் அக்கேள்விக்கு விடை முன்னரே அச்சேறியுள்ளது. மூன்றாண்டுப் பட்டத்திற்கு 140 கிரெடிட் என்பது பெருவழக்கு. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் அதனைச் சார்ந்த துணைப்பாடமும், நான்காம் பகுதி திறன் வளர்க்கும் சிறு தாள்கள் என அமைந்து, வாரத்திற்கு 30 மணி வகுப்பு நிறைந்துவிடுகின்றது.

ஆயின், அவ்வளவில் முடிவதில்லை. கூடுதல் கிரெடிட் தரும் தாள்கள் உள்ளன. மாலைநேரச் சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. 2017 முதல் ‘ஸ்வயம்’ என்னும் இணையவழிப் பாடங்கள் உள்ளன. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, பாடகர் குழு, நாடகம், விளையாட்டு, துறை மன்றம் ஆகியன தனி. இவற்றின் மேலே டியூஷன், பகுதிநேர வேலை, வீட்டுப்பணி. வண்டியின் அடிமூட்டைகளைப் பாடத்திட்டக் குழுவினர் ஏற்றினர் என்பது மெய். மேலே அடுக்குவனவற்றை அடுக்குவோர் நாமே. மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்துக் கூறியதைப் பள்ளிப் பருவத்திலேயே நம்மிற் பலர் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றோம். பெற்று என்ன பயன்?

நிற்க. கிரெடிட் என்பது யாது? சுமையை அளக்க நம்மிடம் தந்துள்ள படிக்கல் அதுவேயாதலின், அப்படிக்கல் எங்கே செய்யப்பட்டது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராய் இருந்த சார்லஸ் எலியட் என்பார், எல்லாரும் ஒரே பாடத்தைப் பயிலும் பழைய முறையைத் தளர்த்தி, மாணாக்கர் தாமே பாடங்களைத் தெரிந்துகொள்ளும் முறையைப் பெருக்கினார். ஆளுக்கொரு பாடம் என்றானபின், பட்டத்திற்கு இவ்வளவு போதும் என்று கணக்கிடுதற்கு ஒரு பொது அளவு இன்றியமையாததாயிற்று. அக்காலத்தில்தான், 1905ஆம் ஆண்டு, ஆண்ட்ரு கார்னெகி என்னும் செல்வர், கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென ஒரு கோடி டாலர் ஒதுக்கி ஓர் அறக்கட்டளை நிறுவினார். எக்கல்லூரி ஆசிரியர்க்கு ஓய்வூதியம் அளிப்பது? உயர்நிலைப் பள்ளியில் முறையாகப் பயின்றவரைச் சேர்க்கும் கல்லூரி எதுவோ அதற்கே. முறையாகப் பயின்றதை எவ்வாறு அறிவது? ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி பயின்றால் அஃது ஓர் அலகு; அத்தகைய அலகு 14 வேண்டும் என விதித்தனர். இவ்வாறு மணிக்கணக்கு பள்ளியில் வேரூன்றிற்று. கல்லூரியிலும் அதனோடொத்த கிரெடிட் கணக்கு பரவிற்று. முதியோர் ஓய்வூதியத்திற்காக எழுந்த விதியொன்று இன்று பதினெட்டு வயதினரின் வாரத்தை ஆளுகின்றது என்பது எமக்கு வியப்பைத் தருகின்றது. அவ்வறக்கட்டளை சமயச் சார்புடைய கல்லூரிகளுக்கு ஓய்வூதியம் இல்லை என்றும் விதித்திருந்தது. நம்போன்றதொரு மிஷன் கல்லூரி அங்கே இருந்திருப்பின், அதன் பேராசிரியர்க்குப் பணமும் இராது. மாணாக்கர்க்குக் கணக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கும்.

ஆகவே கிரெடிட் என்பது பெரிதும் காலத்தின் அளவு. உழைப்பின் அளவு அன்று. அறிவின் அளவு என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. நம் நாட்டில் அது காலத்தைக்கூடச் சரிவர அளப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டங்கள் பலவற்றில் முதற்பகுதித் தமிழுக்கு வாரம் 6 மணி, கிரெடிட் 3. முதன்மைப் பாடத்திற்கு வாரம் 5 மணி, கிரெடிட் 5. ஆறு மணிக்கு மூன்றும் ஐந்து மணிக்கு ஐந்தும் எக்கணக்கில் வந்தன என்று தமிழ் பயிலும் யாம் கேட்பின் தன்னலம் என்பர். ஆதலின் கேளாது விடுகின்றோம். ஆங்கிலத்தின் நிலையும் அதுவே என்பது சிறு ஆறுதல்.

இனி, இக்கணக்கினின்று பயன்படத்தக்க எண் ஒன்று பெறலாம். 2023இல் வெளிவந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஒரு கிரெடிட்டிற்கு 30 மணி நேர உழைப்பு எனக் கொள்கின்றது. அவ்வுழைப்பில் வகுப்பும் அடங்கும். வீட்டில் தனித்துப் படிப்பதும் அடங்கும். ஒரு பருவத்திற்கு 23 கிரெடிட் என்று கொள்வோம். முப்பதாற் பெருக்க 690 மணி. பருவத்திற்கு வேலை நாள் 90. அஃதாவது ஆறு நாள் கொண்ட வாரம் 15. வாரத்திற்கு 46 மணி ஆகின்றது. வகுப்பு 30 மணியைக் கழிக்க எஞ்சுவது 16. வகுப்பிற்கு வெளியே வாரத்திற்குப் பதினாறு மணி நேரம்! முதலாண்டு மாணாக்கர் நூற்றுவரை நிறுத்திக் கேட்பினும், வகுப்பிற்கு வெளியே பதினாறு மணி படித்தேன் என்பார் எத்துணையர் இருப்பர் என்று யாம் ஐயுறுகின்றோம். எம்மைக் கேட்டிருப்பின் விடை நான்கு. அதுவும் பரீட்சைக்கு முந்திய வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால்.

இப்பதினாறு மணியும் எல்லாப் பாடத்திற்கும் ஒரே வகையாய்ப் பயன்படுவன அல்ல. ஈண்டே பலர் தவறுகின்றனர். சில பாடம் நாடோறும் சிறிது சிறிதாக உண்ணவேண்டிய மருந்து போன்றது. நன்னூல் அவ்வகையது. பெயரியலில் நேற்றைய சூத்திரம் நில்லாவிடின் இன்றைய சூத்திரம் நில்லாது. வினையியலுக்கு வரும்போது முன்னது முழுவதும் கைவிட்டுப் போயிருக்கும். கணிதமும் கணக்குப்பதிவியலும் இவ்வாறே என நண்பர் கூறக் கேட்டிருக்கின்றோம். வரலாறும் இலக்கிய வரலாறும் வேறு வகையின. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமர்ந்து மூன்று பாடம் படித்தால் மூன்றும் நிற்கும். அறிவியல் மாணாக்கர்க்கோ மூன்றாவது வகை ஒன்று உண்டு. செய்முறை வகுப்பில் மூன்று மணி நின்றபின், விடுதிக்கு வந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து எழுதவேண்டும். எம் அறைத்தோழர் தாவரவியல் பயில்பவர். இரவு பத்து மணிக்கு வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மூன்றாம் முறையாக அழித்து வரைந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தை எப்பாடத்திட்டமும் கிரெடிட்டிற் காட்டியதில்லை. ஆதலின் தம் பருவத்துத் தாள்களைப் பார்க்கும் மாணாக்கர், கிரெடிட் எண்ணை விட்டு, இத்தாள் நாட்பாடமா, ஞாயிற்றுப் பாடமா, கைவேலையுள்ள பாடமா என்று முதலிற் பிரித்துக்கொள்வாராக. நாட்பாடம் இரண்டிற்கு மேற்பட்டு அமைந்த பருவத்தில், மாலைநேரத்தை விழுங்கும் எதனையும் மேலே ஏற்றுதல் ஆகாது என்பது எம் துணிபு.

இரண்டாம் பருவத்திற்கென்றே ஓர் இடர் உண்டு. அது நாட்காட்டியில் உள்ளது. ஏட்டில் 90 நாள் என்றாலும், வகுப்பு தொடங்கிச் சூடேறுமுன் கிறிஸ்துமஸ் விடுமுறை வருகின்றது. திரும்பி வந்து இரு வாரம் ஆகுமுன் பொங்கல். பின்னர் விளையாட்டு விழா, துறை மன்ற விழா, கல்லூரி நாள்; இவற்றின் இடையிடையே அகமதிப்பீட்டுத் தேர்வுகள். முதற்பருவம் நேரான சாலை. இரண்டாம் பருவம் வேகத்தடை நிறைந்த சாலை. விடுமுறையில் படிப்போம் என்று எண்ணி நூல்களை ஊருக்குச் சுமந்து சென்று, பிரிக்காமலே சுமந்து வந்தோர் எம்மையன்றியும் பலர் உளர் என்று அறிவோம். வருகைப் பதிவையும் மறத்தல் ஆகாது. 75 விழுக்காடு வேண்டுமெனின் தொண்ணூறில் 68 நாள் வரவேண்டும். மீதி 22 நாளையும் தமக்குரிய கொடை என எண்ணுவோர், காய்ச்சல் ஒரு வாரம் வரும்போது அக்கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கின்றனர். படைப் பயிற்சிக்கும் முகாமுக்கும் ‘ஆன் டியூட்டி’ கிடைக்கின்றது, வருகை வந்துவிடும். அன்று நடந்த பாடம் வராது.

இவ்விடர்களுள் பெரிது ஒன்று இனிமேல்தான் கூறவேண்டும். முதற்பருவப் பரீட்சை நவம்பரில் முடிகின்றது; அதன் முடிவு பல இடங்களில் இரண்டாம் பருவம் தொடங்கிச் சில வாரம் கழித்தே வருகின்றது. மாணாக்கரோ தொடக்க நாளிலேயே, தேறிவிட்டோம் என்னும் மனக்கணக்கில், எல்லாவற்றிற்கும் பெயர் கொடுத்துவிடுகின்றார். எமக்கு நேர்ந்தது இதுவே. டிசம்பர் முதல் வாரத்தில் யாம் மாலைநேரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றிற் சேர்ந்தோம். ஸ்வயத்தில் ஒரு பாடம் பதிந்தோம். நாட்டு நலப்பணித் திட்டத்திற் சேர்ந்தோம். கிறிஸ்துமஸ் கீதங்களுக்கென்று பாடகர் குழுவிலும் நின்றோம். டியூஷன் முன்னரே இருந்தது. எட்டாம் வகுப்புச் சிறுவர் இருவர்க்கு மாலைதோறும் இரண்டு மணி. அதனை விட இயலாது. எம் உணவுக் கட்டணத்தின் ஒரு பகுதி அதனால் வந்தது. ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. துணைப்பாடமாகிய தமிழக வரலாற்றில் தோல்வி.

அரியர் என்னும் தாள் விந்தையானது. அதற்கு வகுப்பு இல்லை. கால அட்டவணையில் இடம் இல்லை. ஆசிரியர் வினவுவதும் இல்லை. கண்ணுக்குத் தோன்றாமையின் அதற்குச் சுமையே இல்லை போலும் என்று தோன்றும். உண்மையில் எல்லாவற்றினும் மிகுந்த சுமை அதுவே. வகுப்பில் ஆசிரியர் தூக்கிய பாதியையும் நாமே தூக்கவேண்டும். மேலும், பல கல்லூரிகளில் அகமதிப்பீட்டு மதிப்பெண் முதலிற் பெற்றதே நிலைத்துவிடுகின்றது. ஆகஸ்டில் சிறு தேர்வு ஒன்றை எழுதாது நாடகம் ஒத்திகை பார்க்கச் சென்றவர், அதன் பயனை அடுத்த ஏப்ரலிலும் சுமப்பார்.

அப்போது எம் வகுப்புப் பொறுப்பாசிரியர் எம்மை அழைத்தார். கடிந்துகொள்வார் என்று அஞ்சிச் சென்றோம். அவர் ஒரு தாளைத் தந்து, “தம்பி, ஒரு வாரத்தில் நீ செய்வன எல்லாவற்றையும் மணிக்கணக்கில் இதில் எழுது” என்றார். எழுதினோம். வாரத்திற்கு 168 மணி. உறக்கம் 49. வகுப்பு 30. உணவு, குளியல், துணி துவைத்தல் 21. பேருந்து, போக ஒன்று வர ஒன்றாக 12. டியூஷன் வீடு நகரின் மறுகோடியில் இருந்தது. டியூஷன் 10. ஆலயமும் பாடகர் குழுவும் 6. நலப்பணி 4, சான்றிதழ்ப் படிப்பு 4, ஸ்வயம் 4. கூட்டினால் 140. மீதி 28 மணி!

“ஐயா, பதினாறுக்கு இருபத்தெட்டு இருக்கின்றதே” என்று சிறிது பெருமையுடனேயே கூறினோம்.

அவர் சிரித்தார்; சிவப்பு மையை எடுத்தார். “இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் எழுதியிருக்கின்றாய். பேருந்தில் நின்று வந்து, டியூஷனும் சொல்லிக்கொடுத்த பின்பு, பத்து மணிக்கு நீ நன்னூல் படிப்பாயா? உண்மையைச் சொல்.” சொன்னோம். ஏழு மணி அடிபட்டது. “இது அரை மணி, இது இருபது நிமிடம், வகுப்பிற்கும் உணவிற்கும் இடையே கிடப்பவை. இவற்றில் நூலைத் திறப்பாய், மூடுவாய்.” ஆறு மணி அடிபட்டது. “ஞாயிறு பிற்பகல் நான்கு மணி. அதில் உறங்குவாய்; உறங்கவும் வேண்டும்.” எஞ்சியது 11. “வேண்டுவது பதினாறு; அரியருக்கு வாரம் மூன்று; ஆகப் பத்தொன்பது. எட்டுக் குறைகின்றது. எந்த எட்டு என்பதை நீயே பார்” என்று தாளைத் திரும்பத் தந்தார்.

எந்த எட்டு என்பது கண்ணாடிபோல் விளங்கிற்று. சான்றிதழ்ப் படிப்பு நான்கு, ஸ்வயம் நான்கு. ஸ்வயத்தை அன்றே விட்டோம். அதற்கு மனம் வருந்தவில்லை. சான்றிதழ்ப் படிப்பை விடவில்லை. கட்டணம் செலுத்திவிட்டோமே என்பது ஒரு காரணம். பெயரின் பின்னே ஒரு சொல் கூடுமே என்னும் ஆசை உண்மையான காரணம். ஏப்ரலில் தமிழக வரலாறு தேறிற்று. சான்றிதழும் வந்தது. நன்னூல் சொல்லதிகாரத்தில் தோற்றோம். தமிழ் பயில வந்தவர் இலக்கணத்தில் தோற்றது கண்டு நகைத்தோரை யாம் குறை கூறோம். முதல் முறையிலேயே எல்லாத் தாளிலும் தேறியவர்க்கு மட்டும் உரிய உதவித்தொகை ஒன்று எமக்கு நின்றுபோயிற்று. தந்தையார் ஒன்றும் கூறவில்லை. அடுத்த கட்டணத்திற்குக் கடன் வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குச் சென்றார். அச்சான்றிதழ் இன்றும் எம் பெட்டியில் உள்ளது, சட்டம் போடவில்லை.

ஆதலின் புதிய நண்பர்க்கு யாம் கூறத்துணிவது இது: பரீட்சை முடிவு வருமுன் வாரத்தை நிறைத்துவிடாதீர். முடிவு வரும்வரை ஒரு மாலையேனும் வெறுமையாய்க் கிடக்கட்டும். யாவரும் தேறிவிட்டால் அம்மாலையில் பந்தாடலாம், நட்டமில்லை. தோற்றிருப்பின் அம்மாலையே அரியருக்கு உரிய வகுப்பு.

மேலே ஏற்றுவனவற்றை எல்லாம் ஒருங்கே பழிப்பதும் தவறு. அவற்றுட் சில இறக்கி வைக்கத்தக்கன; சில அல்ல. ஸ்வயத்தில் ஒரு பாடத்தைப் பதிந்து கேட்பதற்குக் கட்டணம் இல்லை. பரீட்சைக்குப் பதிவதற்கே கட்டணம். இரண்டு மூன்று வாரப் பயிற்சிகளைச் செய்து பார்த்து, இயலும் எனின் பரீட்சைக்குப் பதியலாம். இயலாதெனின் ஓசையின்றி விலகலாம். சான்றிதழ்ப் படிப்பு அவ்வாறன்று. முதல் நாளே பணம் கொடுத்து, பின்னர்ப் பணத்திற்காகவே படிக்கின்றோம். நாட்டு நலப்பணித் திட்டத்திற்கு ஆண்டிற்கு 120 மணி, இரண்டாண்டிற்கு 240 மணி என்பது கணக்கு. இதனோடு ஏழு நாட் சிறப்பு முகாம் உண்டு. ஆண்டு முழுவதும் பரவுவதாகலின் வாரத்திற்கு அது தாங்கத்தக்கதே. பருவ நடுவில் வரும் முகாம் வாரத்தை மட்டும் முன்கூட்டி அறிந்திருத்தல் வேண்டும். யாம் அதனை விடவில்லை; விடவும் மாட்டோம். கிராமத்துப் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த அவ்வாரத்தில் கற்றது எத்தாளிலும் இல்லை.

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் பயிலலாம் என்று வழிவிட்டது. வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாதிருத்தல் வேண்டும் என்பது நேரில் பயில்வோர்க்கு உள்ள நிபந்தனை. தொலைநிலைக் கல்வியாயின் அதுவும் இல்லை. 2021 முதல் கிரெடிட் வங்கி என்பதும் வந்துள்ளது. பெற்ற கிரெடிட்டை அதிற் சேர்த்துவைத்துப் பின்னர்ப் பயன்படுத்தலாம். இவை வேலைக்குச் செல்வோர்க்கும் இடையில் படிப்பு நின்றோர்க்கும் பெரிய உதவி என்பதை மறுப்பார் இலர். ஆயின் முதலாண்டு மாணாக்கர் இரண்டாவது பட்டத்தைப் பற்றி எண்ணுவாராயின், முதலாவது பட்டத்தின் இரண்டாம் பருவ முடிவு வரும்வரையேனும் காத்திருப்பாராக. மோதுவது வகுப்பு நேரம் மட்டும் அன்று.

தம் வாரத்தைத் தாமே வகுக்க இயலாத நண்பர் பலர் உளர் என்பதையும் மறந்தோம் அல்லோம். எம் வகுப்பிலேயே அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேருந்து மாறி வரும் சகோதரி ஒருவர் உண்டு. அவர்க்கு மேலே ஏற்றுதற்கு ஒன்றுமே இல்லை; அடிமூட்டையே வண்டி கொள்ளாதது. அவர் பேருந்தில் இருக்கை கிடைக்கும் இரண்டாம் பேருந்தையே நூல்நிலையமாகக் கொண்டு, சூத்திரங்களைச் சிறு சீட்டுகளில் எழுதிவந்து படிக்கின்றார். அரை மணியில் நூலைத் திறந்து மூடுவோம் என்று எம் ஆசிரியர் கூறியது எமக்குப் பொருந்திற்று, அச்சகோதரிக்குப் பொருந்தவில்லை. சொல்லதிகாரத்தில் அவர் முதல் முறையிலேயே தேறினார். யாம் நவம்பரில் மீண்டும் எழுதியபோது படித்தது அவருடைய சீட்டுகளையே என்பதை ஈண்டு நன்றியுடன் பதிகின்றோம். “அண்ணா, சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், எனக்குப் பின்னால் கேட்டு வைத்திருக்கின்றார்கள்” என்று அவர் கூறியதும் நினைவிற்கு வருகின்றது. அவருடைய வாரத்தை அறிந்த ஆசிரியர் எத்துணையர்? வருகை குறைந்தது என்று பெயரைப் பலகையில் எழுதுமுன், அவர் எழும் நேரத்தை ஒருமுறை கேட்டறிதல் நலம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கின்றோம்.

பழைய மாணவர் சிலர் எம்மிடம், “எங்கள் காலத்தில் ஆண்டிற்கு ஒரு பரீட்சை; மார்ச்சு வரை உலகமே எங்களுடையது” என்று கூறுவர். 1978இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகச் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்று, பருவமுறையும் அகமதிப்பீடும் வேரூன்றியபின் அவ்வுலகம் மறைந்தது. ஆண்டுப் பரீட்சையில் ஒரு நாட் காய்ச்சல் ஓராண்டை விழுங்கும். பருவமுறையில் அவ்வச்சம் இல்லை. அதற்கு ஈடாக, சோம்பியிருக்கும் உரிமையை நாம் இழந்தோம். எது நன்று என்று எமக்குத் துணிந்து கூற இயலவில்லை.

இவ்வாண்டு டிசம்பரில், வகுப்பு தொடங்கிய மூன்றாம் நாள், சிவப்பு மையையும் தாளையும் எடுத்துக்கொண்டு எம் அறையில் அமர்ந்தோம். டியூஷன் நின்றது, நலப்பணி நின்றது, புதன்கிழமை மாலை வெறுமையாய் விடப்பட்டது. பாடகர் குழுவிற்கு இடமில்லை. குழுத் தலைவரிடம் சென்று, தலையைச் சொறிந்துகொண்டு, இவ்வாண்டு பாட இயலாது என்று கூறினோம். அவர் வருந்துவார் என்று எண்ணியிருந்தோம். “நல்லது தம்பி, சென்ற ஆண்டே சொல்லலாம் என்றிருந்தேன், உன் குரல் டெனாருக்கும் ஒத்துவரவில்லை, பேசுக்கும் ஒத்துவரவில்லை. விழாவன்று நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும், வருகின்றாயா?” என்றார். சென்றோம். முந்நூறு நாற்காலி, இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அதனையும் தாளிற் குறித்துக்கொண்டோம்.